கடலுக்குள் இறங்கும் திட்டத்தைத் திரும்பும் விமானத்திலிருந்து போடுங்கள்

போன வாரம் காரைக்குடியில் ஒரு கல்யாண வீடு. பட்டாலையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். பள்ளத்தூர்த் தம்பி ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பொங்கல் முடிந்ததும் மனைவியோடும் அப்பச்சியோடும், அதாவது அப்பாவோடும், அந்தமான் போகிறாராம், நான்கு இரவு. அங்கே ஹேவ்லாக் தீவில் (இப்போது ஸ்வராஜ் த்வீப்) பவளப்பாறையைப் பார்க்க ஸ்கூபா டைவிங் செய்ய வேண்டும், அதற்கு எப்படித் திட்டம் போடுவது என்று கேட்டார். கூடவே, இவ்வளவு செலவழித்து அவ்வளவு தூரம் போவானேன், இங்கே தொண்டியிலேயே இறங்க முடியாதா என்றும் ஒரு கேள்வி. பாதி சொல்வதற்குள் என்னை மொய் எழுதக் கூப்பிட்டுவிட்டார்கள். மீதி இது. கோலாலம்பூரில் வேலை பார்த்த காலத்தில் டைவிங் கற்றுக்கொண்டவன் நான். பயிற்றுநர் இல்லை. ஆனால் தப்பெல்லாம் செய்து பார்த்துவிட்டு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறவன்.

தம்பி செல்போனில் காட்டிய பயணத் திட்டத்தில் முதலில் என் கண்ணில் பட்டது கடைசி நாள்தான். ஐந்தாம் நாள் விடிகாலை ஆறரை மணிக்கு டைவ், ஒன்பது மணிக்குக் கப்பல், பிற்பகல் போர்ட் பிளேரிலிருந்து (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) சென்னை விமானம். டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் நேரத்தை வீணாக்காமல் அடுக்கியிருக்கிறார், நல்லவர்தான். ஆனால் இதைத்தான் செய்யவே கூடாது.

காரணம் எளிது. ஆழம் போகப் போகத் தண்ணீரின் அழுத்தம் கூடும். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் மேலே இருக்கும் காற்றழுத்தம் அளவுக்கு இன்னொரு மடங்கு. அந்த அழுத்தத்தில் மூச்சு விடும்போது காற்றில் இருக்கும் நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்து தங்குகிறது. மெதுவாக மேலே வந்தால் அது மூச்சு வழியாகவே போய்விடும். அவசரமாக அழுத்தம் குறைந்தால் உடம்புக்குள்ளேயே குமிழி கட்டும். கோலி சோடாவில் கோலியைத் தட்டியதும் என்ன நடக்கிறதோ அதேதான். மூட்டு வலியிலிருந்து பக்கவாதம் வரை கொண்டுபோய் விடும். கரையேறிய பிறகும் பல மணி நேரத்துக்கு உடம்பில் மிச்ச நைட்ரஜன் இருக்கும். விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பது போல இருக்காது, ஏறக்குறைய 2,400 மீட்டர் உயர மலையில் இருக்கும் அளவுக்குக் குறையலாம். அதனால்தான் ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒரு நாளில் இரண்டு மூன்று அல்லது தொடர்ந்து சில நாள் இறங்கினால் குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் பறக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். நான் எனக்கு 24 என்று வைத்துக்கொள்வேன். ஒரு நாள் கூடுதலாகக் கடற்கரையில் உட்காருவதில் என்ன நஷ்டம்?

இது விமானத்துக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊர்க்காரர்கள் சிலர் ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கம் டைவிங் போய்விட்டு அதே கையோடு காரை எடுத்துக்கொண்டு கொடைக்கானல் போவதாகத் திட்டம் போடுகிறார்கள். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். உடம்புக்கு அதுவும் ஒரு விமானம்தான்.

ஆகவே திட்டத்தைப் பின்பக்கத்திலிருந்து போடுங்கள். ஐந்தாம் நாள் விமானம். நான்காம் நாள் டைவ் கிடையாது, ராதாநகர் கடற்கரையைப் பார்த்துவிட்டுப் பிற்பகல் கப்பலில் போர்ட் பிளேர் வந்து தங்குங்கள். கடல் முரண்டு பிடித்துக் கப்பல் ரத்தானாலும் விமானத்தை விட்டுவிட மாட்டீர்கள். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் காலையில் டைவ். அங்கே ஜனவரியில் ஐந்து மணி தாண்டியதும் விடிந்துவிடும், சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். நம் கடிகாரம்தான், சூரியன் மட்டும் முன்னால் ஓடுகிறது. காலை ஆறு மணிப் படகு என்றால் மலைக்காதீர்கள்.

அடுத்து, தண்ணீருக்கடியில் எவ்வளவு நேரம். ‘முக்கால் மணி நேரம் கிடைக்கும்’ என்று யாரோ சொன்னதாகத் தம்பி சொன்னார். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பேரேடு எழுதிய வீட்டுப் பிள்ளைக்கு இது பெரிய வேலையா?

வழக்கமான அலுமினிய சிலிண்டர் 11 லிட்டர் கொள்ளும். 200 பார் அழுத்தத்தில், அதாவது கரையில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 200 மடங்கில், அடைத்தால் உள்ளே 2,200 லிட்டர் காற்று. கரையில் நிதானமாக இருப்பவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறார் என்று வையுங்கள். 18 மீட்டரில் அழுத்தம் 2.8 மடங்கு. அதே மூச்சுக்கு அங்கே 56 லிட்டர் செலவு. 2,200-ஐ 56-ஆல் வகுத்தால் 39 நிமிடம் வருகிறது. ஆனால் அது அவசரத்துக்கு வைக்க வேண்டிய முதல் தொகையையும் சேர்த்து அழிக்கிற கணக்கு. முதல் தொகையைத் தொடாமல் எவ்வளவு செலவழிக்கலாம் என்பதுதான் நமக்கு வேண்டிய கணக்கு.

முதல் தொகை எவ்வளவு? ‘50 பாரோடு மேலே வாருங்கள்’ என்று படகில் சொல்வார்கள். நான் அதைவிடக் கறாராகப் பார்ப்பேன். 18 மீட்டரில் என்னோடு இறங்கியவருடைய காற்று நின்றுபோகிறது என்று வையுங்கள், இரண்டு பேரும் என் சிலிண்டரிலிருந்து மூச்சு விட வேண்டும், பதற்றத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு 40 லிட்டர் இழுக்கிறோம். இரண்டு பேருக்கும் 80. சமாளித்து நிதானத்துக்கு வர ஒரு நிமிடம்: 224 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 5 மீட்டர் ஆழம் வரை ஏற ஒன்றரை நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 250 லிட்டர். அங்கே மூன்று நிமிடம் நின்று நைட்ரஜனைக் கழிக்க 360. ஆக 830 லிட்டருக்கு மேல். 11-ஆல் வகுத்தால் 76 பார். அதனால் 18 மீட்டரில் இருக்கும்போது அழுத்தமானியின் முள் 80-ஐத் தொட்டால் என்ன மீன் வந்தாலும் சரி, நான் ஏறத் தொடங்கிவிடுவேன். மீதி 120 பார், 1,320 லிட்டர், 23 நிமிடம். அதுதான் கையில் இருக்கிற உண்மையான பணம்.

நைட்ரஜன் கணக்கு தனி. பயிற்சிப் புத்தகங்களில் வரும் பழைய அட்டவணைப்படி 18 மீட்டரில் 56 நிமிடம் வரை, 30 மீட்டரில் 20 நிமிடம் வரை இருந்துவிட்டு, வழியில் நின்று நைட்ரஜனைக் கழிக்கும் இடைநிறுத்தம் கட்டாயமில்லாமல் மேலே வரலாம். 18 மீட்டரில் நைட்ரஜன் எல்லைக்கு வெகு முன்பே காற்று தீர்ந்துவிடும், ஆகவே காற்றே நல்ல கண்டக்டர் மாதிரி உங்களை நேரத்துக்கு இறக்கிவிடும். 30 மீட்டரில் இரண்டு எல்லையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. அங்கே நைட்ரஜன் லேசான போதையும் தரும். கணக்குப் போட வேண்டிய மூளையே மந்தமாகும் இடம் அது.

இதனால்தான் தம்பி வீடியோவில் பார்த்து ஆசைப்பட்ட டிக்சன்ஸ் பினாக்கிள் என்ற கடலடிப் பாறை இந்த முறை வேண்டாம் என்றேன். அந்தப் பாறையின் உச்சியே ஏறக்குறைய 18 மீட்டரில் இருக்கிறது. முதல்முறை இறங்குகிறவர்களைப் பயிற்றுநர் 12 மீட்டரைத் தாண்டி ஆழத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. ஓப்பன் வாட்டர் என்ற முதல் படிச் சான்றிதழ் வாங்கினால் 18, அதற்கடுத்த படி 30. நீமோ ரீஃப் மாதிரி ஆழமில்லாத இடத்தில் முதல்முறை இறங்குங்கள். அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கும், நிறமும் நன்றாகத் தெரியும். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். 5 மீட்டரிலேயே மங்க ஆரம்பிக்கும். ஆச்சிமார் கட்டும் அரக்குச் சிவப்புக் கண்டாங்கியை 15 மீட்டரில் விரித்தால் கறுப்புப் புடவை என்றுதான் சொல்வீர்கள். வீடியோவில் பளபளக்கிற சிவப்பெல்லாம் விளக்கடித்து எடுத்தது.

சான்றிதழே வாங்கிவிடலாமா என்றால், பாடம், நீச்சல்குளப் பயிற்சி, கடலில் நான்கு டைவ் எல்லாம் சேர்த்து மூன்று நான்கு நாள் ஆகும். உங்கள் நான்கு இரவில் அடங்காது. இன்னும் இரண்டு நாள் சேர்க்க முடிந்தால் நான் அதைத்தான் சொல்வேன்.

இப்போது உடம்பு. இதைத்தான் எல்லோரும் ஒரு பக்கப் படிவத்தில் ‘இல்லை, இல்லை, இல்லை’ என்று டிக் அடித்துவிட்டுப் போகிறார்கள். அப்பச்சிக்கு 62 வயது, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை. அந்தப் படிவத்தில் உண்மையை எழுதினால் டாக்டர் கையெழுத்து கேட்பார்கள், அதனால் எழுத வேண்டாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். தண்ணீருக்கடியில் சர்க்கரை தாழ்ந்தால் தலைசுற்றலா பயமா என்று அவருக்கே தெரியாது, பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. ஊரிலேயே அவரைப் பார்க்கும் டாக்டரிடம், இதயத்துக்கு ஒரு பரிசோதனையோடு, ஒரு மாதம் முன்பே கேளுங்கள். ‘வேண்டாம்’ என்றால் கண்ணாடித் தளப் படகு இருக்கிறது, பாறையைப் பார்க்காமல் வரப் போவதில்லை. ஆஸ்துமா, காதில் அறுவை சிகிச்சை, நெஞ்சு வலி, கர்ப்பம் இவற்றில் எதுவும் மறைக்கிற விஷயம் இல்லை.

சளி என்பது சின்ன விஷயமாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. மலேசியாவின் பெர்ஹெந்தியான் தீவில் ஒரு காலை, மூக்கடைப்பு. கட்டிய பணம் போய்விடுமே என்று ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். இறங்கும்போது காது நன்றாகவே திறந்தது. கீழே அரை மணி நேரத்தில் மாத்திரையின் வேகம் குறைந்திருக்கிறது. ஏறும்போது புருவத்துக்கு மேலே ஊசியால் குத்துவது போல ஒரு வலி. உள்ளே மாட்டிக்கொண்ட காற்று விரிகிறது, வெளியே வர வழியில்லை. கீழே தங்கவும் முடியாது, சிலிண்டர் காலியாகிக்கொண்டிருக்கிறது. ஒரு மீட்டர் ஏறி, அரை மீட்டர் இறங்கி, மறுபடி ஏறி, எப்படியோ மேலே வந்தேன். படகில் எதிரே உட்கார்ந்திருந்த பெண் என் முகத்தைப் பார்த்துக் கத்திவிட்டாள். முகக்கண்ணாடிக்குள் கால் பங்கு ரத்தம். அன்றிலிருந்து சளி என்றால் படகிலேயே உட்கார்ந்து மற்றவர்கள் செருப்புக்குக் காவல் இருப்பேன்.

காதைத் திறப்பதை வீட்டிலேயே பழகுங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதினால் இரண்டு காதும் ‘பொக்’ என்று திறக்க வேண்டும். தண்ணீரில் வலி வருவதற்கு முன்பே, ஒவ்வொரு மீட்டருக்கும் செய்ய வேண்டும். வலி வந்த பிறகு பலமாக ஊதுவது தப்பு. கொஞ்சம் மேலே ஏறி மறுபடி முயலுங்கள்.

தம்பி கண்மாயில் நீந்திப் பழகியவர். அது நல்லதுதான், தண்ணீர் பயம் இருக்காது. ஆனால் கண்மாய் நீச்சலில் தலையைத் தூக்கிக் கையை வீசி அடிப்போம். டைவிங்கில் கைக்கு வேலையே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு, இடுப்பிலிருந்து காலை மெதுவாக ஆட்ட வேண்டும். கையை வீசுகிறவர் காற்றையும் வீசுகிறார், பக்கத்துப் பவளத்தையும் உடைக்கிறார். மனைவிக்கு நீச்சல் தெரியாது என்றார். முதல்முறை டைவுக்கு நீச்சல் தேவையில்லை என்றுதான் பல இடங்களில் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கிளம்புவதற்கு முன் பத்து வகுப்பாவது போய், முகத்தைத் தண்ணீரில் வைத்து மிதக்கவும், மல்லாந்து கிடக்கவும் கற்றுக்கொள்ளட்டும். முக்கியமாக ஒன்று: அவருக்கு உண்மையில் ஆசை இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். அவர் உங்களுக்காகத் தலையாட்டினால், நேரே அப்பச்சியோடு கண்ணாடிப் படகில் அனுப்புங்கள்.

தொண்டிக் கேள்விக்கு வருகிறேன். தேவகோட்டையிலிருந்து ஒரு மணி நேரம்தான், உண்மை. ஆனால் அது பாக் விரிகுடா. ஆழம் குறைவு, அடியில் சேறும் மணலும் கடற்புல்லும். கடற்பசுவுக்கு அது சொர்க்கம். 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்ததும் அதனால்தான். பாறை பார்க்கப் போகிறவருக்கு அங்கே கலங்கல்தான் தெரியும். பாம்பனுக்குத் தெற்கே மன்னார் வளைகுடாவில் நல்ல பவளப்பாறைகள் இருக்கின்றன. ராமேஸ்வரம் மீனவர்கள் வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள், அலையைப் பார்த்தால் ஏன் என்று புரியும். அங்கே 21 தீவுகளையும் சுற்றியுள்ள பாறைகளையும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்துவிட்டார்கள். தீவில் இறங்கவோ அந்தப் பாறைகளில் பொழுதுபோக்குக்கு டைவ் அடிக்கவோ நினைக்காதீர்கள்.

மாதத்தைக் காற்றுதான் முடிவு செய்யும். வாடை அடிக்கும் மாதங்களில் கிழக்கு பார்த்த கடல் கலங்கும், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மேற்கும் தெற்கும் கலங்கும். இந்த ஒரு கணக்கை வைத்தே பாதித் திட்டம் போட்டுவிடலாம். இலங்கையில் திருகோணமலைப் புறாத் தீவுக்கு மே முதல் செப்டம்பர் வரை, அதே இலங்கையின் தென்மேற்குக் கரையில் ஹிக்கடுவைக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை. மலேசியாவின் கிழக்குக் கரைத் தீவுகள் நவம்பர் தொடங்கிப் பிப்ரவரி வரை ஏறக்குறைய மூடியே கிடக்கும். திருச்சியிலிருந்து நேரே கோலாலம்பூர் விமானம் இருக்கிறதே, பிள்ளைகளின் கோடை விடுமுறைக்கு அது தோது. அந்தமானுக்கு டிசம்பர் கடைசியிலிருந்து மே தொடக்கம் வரை, அதிலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கடல் எண்ணெய் ஊற்றியது போல இருக்கும். நீங்கள் போகும் ஜனவரி மோசமில்லை, சில நாள் காற்று இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற வற்றம் பெரிதாக இருப்பதால் நீரோட்டமும் வேகமாக இருக்கும். நாள்காட்டியைப் பார்த்து அந்த இரண்டு மூன்று நாளைத் தள்ளி வைக்க முடிந்தால் தள்ளுங்கள். நல்ல நாள் பார்ப்பதில் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

டைவ் கடையைத் தேர்ந்தெடுக்கும்போது விலையைக் கடைசியாகக் கேளுங்கள். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர், படகில் ஆக்சிஜன் இருக்கிறதா, நைட்ரஜன் குமிழிக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை எங்கே, அங்கே எப்படிக் கொண்டுபோவீர்கள், கடல் சரியில்லை என்றால் பணம் திரும்புமா. இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கிற இடத்தில் செருப்பைக் கழற்றவே வேண்டாம். முதல்முறை இறங்கும் ஆளுக்கு ஒரு பயிற்றுநர் என்றால்தான் நான் என் வீட்டுப் பிள்ளையை அனுப்புவேன். சாதாரணப் பயணக் காப்பீட்டில் டைவிங் சேராமல் இருக்கலாம், பாலிசியின் பொடி எழுத்தைப் படித்துவிடுங்கள்.

படகில் ரெகுலேட்டரை, அதாவது சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவியை, கையில் கொடுத்ததும் வாயில் வைத்து நான்கு முறை ஆழமாக மூச்சு இழுங்கள், கண் அழுத்தமானியின் மேல் இருக்கட்டும். முள் அசையாமல் நின்றால் சரி. ஒவ்வொரு மூச்சுக்கும் முள் கீழே போய் மேலே வந்தால் சிலிண்டர் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. மேலே மூச்சு வரும், ஆழத்தில் திணறும். அப்படியே பயிற்றுநரிடம் காட்டுங்கள். காற்றில் எண்ணெய் வாடை அடித்தால் அந்தச் சிலிண்டர் வேண்டாம். முகக்கண்ணாடிக்குள் எச்சில் தடவிக் கழுவினால் பனி படியாது. அசிங்கம் பார்த்தால் குழந்தை ஷாம்பு ஒரு சொட்டு. காலையில் இரண்டு இட்லி போதும். பணியாரமும் காரச் சட்னியும் திரும்பி வந்த பிறகு. படகு ஒத்துக்கொள்ளாதவர்கள் வாந்தி மாத்திரையை ஊரிலேயே ஒரு நாள் போட்டுப் பாருங்கள், சிலருக்கு அது தூக்கத்தைக் கொண்டுவந்துவிடும். தண்ணீர் நிறையக் குடியுங்கள். முந்தின இரவு மது வேண்டாம்.

உள்ளே போனதும் ஒரே ஒரு விதி எல்லாவற்றையும்விடப் பெரியது: மூச்சைப் பிடிக்காதீர்கள். கண்மாயில் முங்கிய பழக்கத்தில் கை தானாக மூக்குக்குப் போகும், மூச்சு தானாக நிற்கும். சிலிண்டர் காற்றை நெஞ்சில் அடக்கிக்கொண்டு இரண்டு மீட்டர் மேலே வந்தாலே நுரையீரல் கிழியலாம். இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு, அவ்வளவுதான்.

பாறையைத் தொட வேண்டாம் என்பதை எல்லோரும் சொல்வார்கள். நான் காரணத்தைச் சொல்கிறேன். உருண்டைப் பவளம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். நீங்கள் காலில் மாட்டும் துடுப்பு தட்டி உடையும் ஒரு கைப்பிடி, நீங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் தொடங்கியதாக இருக்கலாம். அந்தமான் பாறைகள் 1998, 2010, 2016 வெப்ப அலைகளில் வெளுத்து நொந்தவை. ஆகவே சில இடங்களில் சாம்பல் நிறத்தில் செத்த கிளைகளைத்தான் பார்ப்பீர்கள். ஏமாற்றிவிட்டார்கள் என்று பயிற்றுநரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கரையில் கிடக்கும் பவளத் துண்டு, சங்கு எதையும் பையில் போடாதீர்கள். பவளம் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, விமான நிலையத்தில் பையைத் திறப்பார்கள். நம் வீட்டுச் சுவர்களில் கண்ணாடி மாதிரி மின்னுகிற பூச்சு கிளிஞ்சல் சுண்ணாம்பு. கடலிலிருந்து நம் ஊருக்கு வேண்டிய அளவு ஏற்கெனவே வந்துவிட்டது.

இந்த வாரம் செய்ய வேண்டியது மூன்றே வேலை. ஐந்தாம் நாள் காலை டைவை ரத்து செய்து இரண்டாம் நாளுக்கு மாற்றுங்கள். அப்பச்சியை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். வீட்டம்மாவுக்கு நீச்சல் வகுப்பில் பெயர் கொடுங்கள். கடைக்காரர் தேதியை மாற்ற முடியாது என்று சொன்னால் முன்பணம் போனால் போகட்டும், வேறு கடை பாருங்கள். போக வர ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது சில்லறை. டாக்டர் என்ன சொன்னார் என்பதை மட்டும் எனக்குச் சொல்லுங்கள். அப்பச்சி மேலே மிதந்தபடி பார்ப்பதற்கு எலிஃபண்ட் பீச்சில் எந்தப் பக்கம் ஆழம் குறைவு என்று வரைந்து அனுப்புகிறேன்.